அல்தமுராப் பாட்டி வீட்டில் தலை தீபாவளி

2025 அக்டோபர் 18, சனிக்கிழமை: பாரி

தலை தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு வருவதே முறை. மகளுக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காததால் அம்முறையைத் திருப்பிப் போட்டு, வேட்டி, புடவை, நல்லெண்ணெய், சீயக்காய், லேகியம் எல்லாவற்றோடும் நானும் என் கணவரும் கோயம்புத்தூரிலிருந்து மிலானுக்கு வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளை இத்தாலியர். அவருடைய பெற்றோர் பிழைப்புக்காக வடக்கே தூரின் நகருக்குப் போய்த் தங்கிவிட்டவர்கள். ஆனால் அவருடைய தந்தையைப் பெற்ற பாட்டி, எண்பத்தேழு வயதில், தெற்கே பூலியா மாநிலத்தின் அல்தமுரா என்னும் ஊரில் தனியாக வாழ்கிறார். திருமணத்துக்கு அவரால் வர இயலவில்லை. "பெண்ணைப் பெற்றவர்களை நான் எப்போதுதான் பார்ப்பது?" என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அவர் கேட்டுக்கொண்டிருந்ததால், ஞாயிறன்று பகல் உணவுக்கு அவர் வீட்டுக்குப் போய்விட்டு அன்று மாலையே பாரி நகருக்குத் திரும்புவது, மறுநாள் விடுதி அறையிலேயே எண்ணெய்க் குளியலை முடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இத்திட்டத்தின் முற்பாதி மட்டுமே நடந்தது.

பாரியில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அட்ரியாட்டிக் கடலை ஒட்டிய பழைய நகரின் சந்துகள் இருவர் கைகோத்து நடந்தால் நிறைந்துவிடும் அளவுக்குக் குறுகலானவை. மேலே துணிகள் காய்கின்றன, கீழே வாசற்படியில் பெண்கள் மரப்பலகையை வைத்துக்கொண்டு ஒரெக்கியெத்தே என்னும் காது வடிவப் பாஸ்தாவைக் கையால் செய்து, வலை அடித்த சட்டங்களில் பரப்பி உலர்த்துகிறார்கள். ரவைமாவைத் திரித்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, முனை மழுங்கிய கத்தியால் ஒவ்வொன்றையும் பலகையின் மீது இழுத்து, கட்டைவிரல் நுனியில் கவிழ்த்துவிடுவதற்கு அவர்களுக்கு ஒரு நொடி போதும். என் மகள் கைப்பேசியை உயர்த்தியதும் ஓர் அம்மாள் தலை நிமிராமலே, முதலில் வாங்கு, பிறகு படம் எடு என்றார். நியாயமான பேச்சு. கிலோ எட்டு யூரோ என்றார், அரைக் கிலோ வாங்கினோம்.

எங்களுக்கு அங்கே கிடைத்த நல்ல உணவு, இன்னொரு வாசலில் ஒரு பாட்டி எண்ணெய்ச் சட்டியை வைத்துப் பொரித்துக்கொண்டிருந்த ஸ்காலியோட்சே. மக்காச்சோள மாவைக் கூழாகக் கிண்டி, ஆறவைத்து, சதுரத் துண்டுகளாக வெட்டி, பொரித்து, உப்புத் தூவிக் காகிதத்தில் தருகிறார்கள். மழைக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் ஏதுமில்லை. புனித நிக்கோலாவின் பேராலயத்துக்குள் கை துடைத்துக்கொண்டுதான் நுழைந்தோம். அவருடைய எலும்புகளை 1087ஆம் ஆண்டில் பாரி மாலுமிகள் இன்றைய துருக்கியில் உள்ள மிரா நகரிலிருந்து கொண்டுவந்தார்களாம், அதாவது எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். கத்தோலிக்கர்களோடு கிழக்குத் திருச்சபையினரும் அங்கே வந்து வணங்குகிறார்கள்.

அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை: அல்தமுரா

காலையில் வானம் வெளுத்திருந்தது. பாரியிலிருந்து அல்தமுரா ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். வாடகைக் காரை மாப்பிள்ளை ஓட்டினார். முதலில் ஒலிவத் தோப்புகள், பிறகு மெல்ல மெல்ல மரங்கள் குறைந்து, சுண்ணாம்புக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய தாழ்வான சுவர்களுக்கு நடுவே உழுது போட்ட கோதுமை வயல்கள். முர்ஜா என்று அழைக்கப்படும் இம்மேட்டுநிலத்தில் ஆறு கிடையாது. பெய்கிற மழையைச் சுண்ணாம்புப் பாறை குடித்துவிடுகிறது. இந்த ஊர்க்காரர்கள் தண்ணீரை எப்படிச் சிக்கனமாகச் செலவழித்திருப்பார்கள் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். அதன் விடை பாட்டியின் சமையலறையில் கிடைத்தது.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஊர் எல்லையில், கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் இருந்த பூக்கடையில் நிறுத்தினோம். கடை முழுக்கச் செவ்வந்தி, மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகப் பந்து பந்தாக. தீபாவளி நினைப்பில் என் கணவரின் கை தானாகவே மஞ்சள் செவ்வந்திக்குப் போயிற்று. கடைக்காரப் பெண் அவரை ஒருமுறை பார்த்தார், எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார், பிறகு மிகுந்த பணிவோடு, "உயிரோடு இருப்பவருக்கா, இறந்தவருக்கா?" என்று கேட்டார். நவம்பர் 2ஆம் நாள் இறந்தோரை நினைவுகூரும் திருநாள். அதற்காகவே இத்தனை செவ்வந்தியும் வந்து இறங்கியிருக்கிறது. இந்நாட்டில் அம்மலர் கல்லறைக்கு மட்டுமே உரியது. எண்பத்தேழு வயதுப் பாட்டிக்குச் செவ்வந்திக் கொத்தோடு போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அந்தப் பெண் கட்டிக் கொடுத்தது ஆரஞ்சு நிற ஜெர்பெரா, பதினைந்து யூரோ.

அதற்குள் பாட்டி மூன்று முறை அழைத்துவிட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் அல்ல. கொதிக்கிற நீரில் பாஸ்தாவை எப்போது போடுவது என்பதை அதைக்கொண்டுதான் அவர் தீர்மானிக்க வேண்டும். ஒரு மணி என்றால் ஒரு மணிக்கு உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் பாஸ்தா குழைந்துவிடும், அந்தப் பழி வந்தவர்களைச் சேரும்.

அல்தமுராவின் பழைய பகுதியில் தெருவிலிருந்து பிரிகிற பல சந்துகள் எங்கும் போய்ச் சேருவதில்லை. ஒரு சிறு முற்றத்தில் முடிந்துவிடுகின்றன. முற்றத்தைச் சுற்றி நாலைந்து வீடுகள், வெளிப்படிக்கட்டுகள், தொட்டிகளில் துளசி இனத்துப் பசில் செடி. கிளாவுஸ்த்ரோ என்கிறார்கள். பாட்டியின் வீடு அப்படியொரு முற்றத்தில் இருக்கிறது. நாங்கள் நுழைந்தபோது மூன்று கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒளிந்து பார்க்கவில்லை, வெளியே வந்து நின்று நேராகவே பார்த்தார்கள். ஓர் அம்மாள் என் புடவைத் தலைப்பைத் தொட்டுத் தடவி, நல்ல துணி என்பதுபோல் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

பாட்டி ஒல்லியானவர், கறுப்பு உடை உடுத்தியிருந்தார். கணவர் இறந்த நாள்முதல் வேறு நிறம் உடுத்தியதில்லையாம். இரு கன்னத்திலும் முத்தமிட்ட கையோடு அவர் கவனித்தது எங்கள் கால்களை. வழக்கப்படி நாங்கள் செருப்பை வாசலிலேயே விட்டிருந்தோம். கல் தரையில் வெறுங்காலா என்று அவர் பதறி, அலமாரியைத் திறந்து, ஆளுக்கொரு கம்பளிச் செருப்பை எடுத்துப்போட்டார். என் கணவருக்குக் கிடைத்ததில் ஒரு முயல் முகம் தைத்திருந்தது. மறுநாள் பகல்வரை அவர் அதோடுதான் நடந்தார்.

சாப்பாட்டைப் பற்றி எனக்கு உள்ளூரக் கவலை இருந்தது. நானும் கணவரும் சைவம். இத்தாலியப் பாட்டியின் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்றால் இறைச்சிக் குழம்பும் பன்றித் தொடையும்தான் என்று படங்களில் பார்த்திருந்ததால், ரொட்டியும் பழமும் போதும் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி இதை முன்கூட்டியே சொன்னபோது பாட்டி கேட்ட கேள்வி ஒன்றுதானாம்: "அவர்களில் யாருக்காவது அவரைப் பருப்பு ஆகாதா?" தென்னித்தாலியில் சிலருக்கு இரத்தத்தில் ஜி6பிடி என்னும் நொதி பரம்பரையாகக் குறைவாக இருக்கிறது. அவர்கள் ஃபாவா அவரையைச் சாப்பிட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே விருந்தாளிக்கு அவரை போடுமுன் கேட்பது இங்கே மரியாதை. இறைச்சி உண்ணாதது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. "நான் சிறுமியாக இருந்தபோது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் இறைச்சி. மற்ற நாளெல்லாம் நாங்களும் இவர்களைப் போலத்தான் சாப்பிட்டோம்" என்றார்.

அவர் பிறந்தது 1938இல். போர் முடிந்த காலத்துப் பட்டினி அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுவடை முடிந்து தாளைக் கொளுத்திய வயலில், கருகிக் கிடக்கும் கோதுமை மணிகளை ஏழைகள் பொறுக்கி அரைத்து, வாங்கிய வெள்ளை மாவோடு சேர்த்துப் பாஸ்தா செய்தார்களாம். அந்தக் கருகல் மாவு இப்போது நகரத்து உணவகங்களில் அருஞ்சுவையாகக் கூடுதல் விலைக்கு விற்கப்படுவதை மாப்பிள்ளை சொன்னபோது, காசு கொடுத்துக் கருகலைத் தின்பவர்களை நினைத்துப் பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

முதலில் வந்தது அந்த ஃபாவா அவரை: தோல் நீக்கி உலர்த்திய பருப்பை மண்பானையில் வெண்ணெய் போலக் குழைய வேகவைத்து மசித்து, ஒரு பக்கம் வெந்த கசப்புக் கீரை, மேலே ஒலிவ எண்ணெய். வேறொன்றும் இல்லை. வெங்காயம், பூண்டு, மிளகு எதுவும் இல்லாமல் ஒரு பருப்பு இவ்வளவு சுவைக்கும் என்பதை என் நாக்கு ஒப்புக்கொள்ள மறுத்தது, ஆனால் தட்டு காலியாகிவிட்டது. பிறகு அடுப்பில் ரொட்டித் தூள் தூவிச் சுட்ட கார்தொன்செல்லி காளான்கள். இலையுதிர் கால மழைக்குப் பின் முர்ஜாப் புல்வெளியில் தாமாகவே முளைப்பவை. எண்ணெயில் ஊறிய லம்பஷோனி என்னும் காட்டு வெங்காயக் கிழங்கு நல்ல கசப்பு. என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியதைப் பாட்டி பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முள்கரண்டியால் எடுத்துத் தாமே சாப்பிட்டார். வீணாக்குவது என்பது அந்த வீட்டில் நடக்காது.

சரியாக ஒன்றரைக்கு ஒரெக்கியெத்தே வந்தது. விடியற்காலையில் எழுந்து அவரே செய்தது. நாங்கள் பாரியில் வாங்கி வந்ததைப் பிரித்துப் பார்த்து, "இது தடிமன்" என்று ஒரே சொல்லில் முடித்து மூடி வைத்துவிட்டார். பருவத்தின் முதல் ராப்பாக் கீரையைப் பாஸ்தா வேகும் நீரிலேயே சேர்த்து வேகவைத்துப் பூண்டு எண்ணெயில் புரட்டியிருந்தார். கீரைக்கு ஒரு நீர், பாஸ்தாவுக்கு ஒரு நீர் என்று ஆறில்லாத ஊரில் யார் செலவழிப்பார்கள்? வழக்கமாக அதில் உப்பிட்ட நெத்திலி கரையும். எங்களுக்கு நெத்திலி இல்லாமல் தனிச் சட்டி. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் மட்டும் இறைச்சிச் சுருள்கள் வெந்த தக்காளிக் குழம்பு. எங்களுக்குப் பரிமாறிய கரண்டியைக் கடைசிவரை அந்தக் குழம்புச் சட்டியில் அவர் வைக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைச் செய்தவரை அப்போதுதான் எனக்கு முழுமையாகப் பிடித்துப்போயிற்று.

இனி ரொட்டி. அல்தமுரா ரொட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டு புவிசார் பாதுகாப்புப் பெயர் வழங்கியிருக்கிறது. உள்ளூர்க் கெட்டிக் கோதுமையை இருமுறை அரைத்த மஞ்சள் ரவைமாவு, புளித்த மாவு, உப்பு, நீர், இவ்வளவே. மேலோடு மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. தடித்த அந்த ஓடுதான் உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது. வாரக்கணக்கில் வயற்காட்டுப் பண்ணைகளில் தங்கி வேலை செய்தவர்களுக்காக உருவான ரொட்டி அது. முன்பெல்லாம் வீட்டில் பிசைந்து ஊர்ப் பொது அடுப்புக்கு அனுப்புவார்கள். எல்லார் ரொட்டியும் ஒரே அடுப்பில் வேகுவதால், குடும்பப் பெயரின் முதலெழுத்துச் செதுக்கிய மர முத்திரையை மாவில் பதித்து அனுப்புவது வழக்கம். பாட்டி தம் மாமியார் தந்த முத்திரையை எடுத்துக் காட்டினார், பிடி தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

இந்த ரொட்டியை என் கணவர் அறுத்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். பாட்டி பேச்சை நிறுத்தி, கையை நீட்டி, அதை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினார். ரொட்டியின் முகம் மேலே இருக்க வேண்டும். கீழே விழுந்த துண்டை எடுத்தால் முத்தமிட்டுவிட்டுத்தான் மேசைமீது வைக்க வேண்டும். காய்ந்துபோன ரொட்டிக்கும் ஒரு பயன் உண்டு. துண்டுகளை நீரில் நனைத்து, தக்காளி, வெங்காயம், ஓரிகானோ, எண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் அதன் பெயர் சல்லெத்தா. வயலுக்குப் போகுமுன் உண்கிற காலை உணவு. நம்முடைய பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான் அது, தானியம் மட்டும் வேறு. இதை மாப்பிள்ளை மூலம் நான் சொல்ல, பாட்டி மோர் என்ன செய்யும், புளிக்காதா, எந்தப் பானை என்று கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லி முடிக்க அரை மணி நேரமாயிற்று. அவருடைய வட்டார வழக்கு மாப்பிள்ளைக்கே பாதிதான் புரிகிறது என்பது இதற்கிடையில் தெரிந்தது. மீதிப் பாதியை அவர் எப்படி மொழிபெயர்த்தார் என்பதை நான் கேட்கவில்லை.

பழமாக வந்தது சப்பாத்திக்கள்ளிப் பழம். தாராபுரம் பக்கத்துக் காடுகளில் சிறுவயதில் முள் குத்தக் குத்தத் தின்று நாக்குச் சிவந்து திரிந்தவர் என் கணவர். பாட்டியோ கத்தியும் முள்கரண்டியும் கொண்டு, பழத்தைக் கையால் தொடாமலே இரு முனையையும் வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் கீறித் தோலைச் சுருட்டி எடுத்துவிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த செடி இரண்டு ஊர்களின் வறண்ட நிலத்திலும் வேரூன்றியிருப்பதைப் பேசிக்கொண்டே அவர்கள் இருவரும் ஒரு கூடையைக் காலி செய்தார்கள்.

கொண்டுபோன மெரூன் நிறப் பட்டுச் சால்வையைக் கொடுக்கலாமா என்று எனக்குத் தயக்கம். கறுப்பைத் தவிர வேறு உடுத்தாதவர். அவர் பிரித்துப் பார்த்து, ஜரிகையைத் திருப்பிப் பின்பக்கம் நூல் எப்படி முடிந்திருக்கிறது என்று ஆராய்ந்து, படம் எடுக்கும் அளவுக்குத் தோளில் போட்டுக்கொண்டு, உடனே மடித்து அலமாரியில் வைத்தார். வாங்கியதற்கு மறுப்பும் இல்லை, உடுத்துவதற்கு வாக்குறுதியும் இல்லை. அலமாரிக் கதவின் உட்புறம் அவர் கணவரின் படம் ஒட்டியிருந்தது. 1962 முதல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்புர்க் நகரிலுள்ள ஃபோக்ஸ்வாகன் கார் ஆலை இத்தாலியர்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தபோது போனவர்களில் ஒருவர். மரக் கொட்டகைகளில் தங்கி, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் வீடு திரும்பியவர். அவர் திரும்பிப் போகும்போது இந்த ரொட்டியைத்தான் பாட்டி பெட்டியில் வைத்துக் கொடுப்பாராம். "மகனும் வடக்கே போனான், பேரனும் வடக்கே பிறந்தான். உங்கள் பெண் அதைவிடத் தூரம் வந்துவிட்டாள்" என்று என்னிடம் சொன்னதை மாப்பிள்ளை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு ஊரே தெருவில் இறங்கி நடந்தது. இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசர் 1232இல் தொடங்கிய பேராலயத்தின் வாசலில் இரண்டு கற்சிங்கங்கள் தூண்களைச் சுமந்துகொண்டு காவல் காக்கின்றன. அதற்கு முன்னால் உள்ள தெருவில் குடும்பம் குடும்பமாக நல்ல உடை உடுத்தி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போவதும் திரும்பி வருவதுமே வேலை. எங்களைப் பாட்டி கையைப் பிடித்து அழைத்துப்போய் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தார். இதே ஊரில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்று திறந்து, ஃபொக்காச்சா என்னும் தட்டை ரொட்டி விற்கும் பக்கத்துக் கடையோடு போட்டியிட முடியாமல் மூடிவிட்டது என்ற கதையை அன்று மாலை நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். காபி நின்றுகொண்டே குடித்தால் ஒரு யூரோ இருபது காசு. நான் பணம் எடுப்பதற்குள் யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்தார், யார் என்று கடைக்காரர் கடைசிவரை சொல்லவில்லை.

பாரிக்குத் திரும்பும் திட்டம் முறிந்தது அதற்குப் பிறகுதான். பச்சை அக்ரூட் காய்களை ஊறவைத்துச் செய்யும் "பாத்ரே பெப்பே" என்னும் மதுவகை அல்தமுராவின் தனிச்சொத்து. கப்புச்சின் என்னும் கத்தோலிக்கச் சபைத் துறவி ஒருவரின் பெயரால் வழங்குவது. பகலில் திராட்சை மதுவும் இரவில் இதுவுமாக மாப்பிள்ளைக்குப் பாட்டி ஊற்றிக்கொண்டே இருந்தார். இந்நாட்டில் ஓட்டுநரின் இரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் மதுவைத் தாண்டினால் தண்டனை. மகளிடம் இத்தாலிய ஓட்டுநர் உரிமம் இல்லை. நானோ இடப்பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சாலையில் ஓட்டமாட்டேன். பாட்டி இதையெல்லாம் எதிர்பார்த்தவர்போல், பிற்பகலிலேயே படுக்கைகளுக்கு லாவெண்டர் மணக்கும் துணி விரித்து வைத்திருந்தார். தீபாவளிப் பொருட்கள் அத்தனையும் விடுதியில் இருந்தன. என் பையில் இருந்தது லேகியச் சம்புடமும், எப்போதும் வைத்திருக்கும் மஞ்சள் குங்குமச் சிமிழும் மட்டும்.

அக்டோபர் 20, திங்கட்கிழமை: தீபாவளி

இரவு ஒன்றரைக்குத் தொலைபேசி ஒலித்தது. கோயம்புத்தூரில் அப்போது காலை ஐந்து மணி. என் நாத்தனார் குளித்து முடித்துவிட்டு, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டார். இந்த நாட்டில் அந்நேரத்தில் தொலைபேசி ஒலித்தால் சாவுச் செய்தி என்றே பொருள். பாட்டி சிலுவைக் குறியிட்டுக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்துவிட்டார். அவரை உட்காரவைத்து, யாரும் இறக்கவில்லை, குளித்தோமா என்றுதான் கேட்கிறார்கள் என்று மாப்பிள்ளை விளக்கினார். குளித்ததை விசாரிக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அழைப்பவர்களைப் பற்றிப் பாட்டி என்ன நினைத்தாரோ, தெரியவில்லை. அதன்பிறகு சித்தி, பெரியப்பா மகன், அடுக்கக நண்பர்கள் என்று அழைப்புகள் வரிசையாக வந்தன. தூக்கம் போயிற்று.

இங்கே ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது என்பதால் விடியுமுன் குளிப்பதில் சிரமமில்லை. சிரமம் எண்ணெயில். நல்லெண்ணெய்க்குப் பதில் ஒலிவ எண்ணெய் என்று மகள் முடிவுசெய்து ஐந்து லிட்டர்த் தகரத்தைத் தூக்கியபோது, பாட்டி வழிமறித்தார். தலையில் எண்ணெய் வைப்பதில் அவருக்கு ஆட்சேபமில்லை. அது கொராத்தினா வகை ஒலிவக் காய்களின் எண்ணெய், தொண்டையில் மிளகுபோல் காரும் முதல்தரம், அதைப்போய்ச் சாக்கடையில் விடுவதா? பரணிலிருந்து அதற்கு முந்தைய ஆண்டின் மிச்சம் இருந்த புட்டியை இறக்கிக் கொடுத்தார்.

வீட்டின் மூத்தவர் என்பதால் எங்கள் எல்லார் தலையிலும் அவரையே எண்ணெய் வைக்கச் சொன்னேன். அவர் விரலை எண்ணெயில் தோய்த்தவர் நின்று, "கண் பட்டிருக்கிறதா என்று பார்க்கவா?" என்று கேட்டார். தட்டில் நீர் ஊற்றி, முணுமுணுத்தபடி எண்ணெய்த் துளிகளை விட்டார். துளி திரண்டு நின்றால் ஒன்றுமில்லை, பரந்து கரைந்தால் திருஷ்டி. எனக்கும் மகளுக்கும் திரண்டு நின்றது. என் கணவருக்குப் பரந்துவிட்டது. அவர் முயல் செருப்போடு நின்று அதை ஏற்றுக்கொண்டார். அந்த மந்திரத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் மட்டுமே ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுத்தரலாமாம், ஆகவே என்னிடம் சொல்ல முடியாது என்று வருத்தம் தெரிவித்தார்.

குளியலறையின் மின்கொதிகலன் ஐம்பது லிட்டர்தான். மாப்பிள்ளை, மகள், நான் என்ற வரிசையில் எனக்கே வெதுவெதுப்பாகிவிட, கணவருக்கு அக்டோபர் மாதத்து முர்ஜா நீர் அப்படியே கிடைத்தது. சீயக்காய் இல்லாமல், சமையலறைச் சோப்பைக் கொண்டு ஒலிவ எண்ணெயை எடுப்பதற்கு இரண்டு முறை தேய்க்க வேண்டியிருந்தது. ஈரத் தலையோடு நாங்கள் முற்றத்துக்கு வந்ததும் பாட்டி மீண்டும் பதறினார். ஈரத் தலையில் காற்றுப் பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பது இந்நாட்டின் உறுதியான நம்பிக்கை. ஒருவர் பின் ஒருவராக நாற்காலியில் உட்காரவைத்து, முடி உலர்த்தும் கருவியைத் தாமே பிடித்துக்கொண்டு நின்றார்.

புதுத்துணி விடுதியில் இருந்தது. தலை தீபாவளி மாப்பிள்ளைக்குப் பழைய துணியா என்று நான் புலம்பியதைக் கேட்டுப் பாட்டி இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத உறையில் இருந்த நீலக் கோடு போட்ட இரவு உடை ஒன்றை எடுத்தார். திடீரென்று மருத்துவமனையில் சேர நேர்ந்தால் மருத்துவர் முன்னால் கௌரவமாகப் படுத்திருக்க வேண்டும் என்பதற்காக, புத்தம் புதிய இரவு உடை ஒன்றை எடுத்து வைத்திருப்பது இத்தாலியக் குடும்பங்களின் வழக்கமாம். இது தாத்தாவுக்காக வாங்கி, அணியப்படாமலே போனது. ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்தேன். "நன்றி, அத்தை" என்று வாங்கி உடுத்திக்கொண்டு மாப்பிள்ளை எங்களை விழுந்து வணங்கினார். கைக்கால் நீளம் சற்றுக் குறைவு. மற்றபடி பொருத்தமாகவே இருந்தது.

லேகியத்தை ஒரு சுண்டைக்காய் அளவு பாட்டிக்குக் கொடுத்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, வெல்லம், நெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எதற்கு என்றார். இன்று அதிகம் சாப்பிடப் போகிறோம், அதைச் செரிக்க வைப்பதற்கு என்றேன். நேற்றே கொடுத்திருக்கலாமே என்றார். சம்புடம் அங்கேயே தங்கிவிட்டது.

காலை உணவுக்குப் பிறகு ரொட்டி வாங்கப் போனோம். கருவாலி விறகு எரியும் பழைய அடுப்புக்கடையில், நீண்ட துடுப்பால் ஒரு முதியவர் ரொட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். கிலோ நான்கு யூரோ, நம் பணத்தில் நானூறு ரூபாய்க்கு மேல். கடையில் வரிசை என்று ஒன்று இல்லை. உள்ளே வருபவர் "கடைசி யார்?" என்று கேட்டு, அவருக்குப் பின்னால் தம்மை மனத்தில் வைத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் நிற்கிறார். தவறாமல் முறைப்படி நடந்தது. எங்களுக்காகப் பாட்டி தேர்ந்தெடுத்தது இரண்டு கிலோ ரொட்டி. அடியில் விரலால் தட்டிப் பார்த்து, ஓசை பிடிக்காத இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரருக்கு அதில் கோபம் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை: மிலான்

தங்காத இரவுக்கும் பாரி விடுதிக்காரர் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார். உறங்காதவர்களுக்கு எதற்குத் தங்குவோர் மீதான நகர வரி என்று என் கணவர் வாதாடி அதை மட்டும் கழித்தார், நால்வருக்குமாகச் சில யூரோக்கள். அவருடைய வெற்றி முகத்துக்கு அது மலிவு. நல்லெண்ணெய்ப் புட்டி பெட்டிக்குள் கசிந்திருந்தது, நல்லவேளையாகப் புடவைப் பக்கம் வரவில்லை.

இரவு மிலானில் மாப்பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ரொட்டியை அறுத்தார். வேட்டிக்கு மேலே கோடு போட்ட அந்தச் சட்டைதான், கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டி அழைத்தார். ரொட்டியை நிமிர்த்தி வைத்திருக்கிறோமா, நெகிழிப் பையில் போட்டுக் கெடுத்துவிடவில்லையே என்று விசாரித்தார். பிறகு அடுத்த தீபாவளி என்றைக்கு என்று கேட்டார். ஆண்டுதோறும் நாள் மாறும் என்றதை நம்பாமல், சரியான தேதியைச் சொல்லச் சொன்னார். மகள் பார்த்து, 2026 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை என்றாள்.

நவம்பர் எட்டு என்றால் புது எண்ணெய் ஆட்டி வந்திருக்கும், வாருங்கள் என்றார் பாட்டி. தலைக்கு உங்கள் எண்ணெயைக் கொண்டுவந்துவிடுங்கள் என்றும் சொன்னார்.